விநாடிக்கு முப்பது சட்டம்

மனித குலம் இதுவரை கண்ட முன்னேற்றங்களில் ஆகப் பெரியது எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். இரு சாராருக்கும் விவரம் போதாது. ஒரு வீடியோவைப் பார்க்காமலேயே அதைப் பற்றிய அத்தனையும் தெரிந்துகொள்ளும் கலைதான் அந்த முன்னேற்றம். அது பிறந்து, தவழ்ந்து, புகழின் உச்சிக்கு ஏறிய இடம் 'குறைதீர் காணொளிப் பிரிவு'. நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கும் உடைந்த நாற்காலிகள் கிடக்கும் அறைக்கும் நடுவில் அது இருந்தது.

முன்பெல்லாம் மக்கள் தங்கள் குறைகளைக் காகிதத்தில் எழுதித் தந்தார்கள். அவற்றைப் படிக்க வேண்டியிருந்தது. படித்தால் இரக்கம் வருகிறது, சில சமயம் கோபமும் வருகிறது. இரண்டுமே அலுவலக நேரத்தில் வரக்கூடாதவை. எனவே இனிமேல் குறைகளை வீடியோவாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். வீடியோக்கள் வந்து குவிந்தன. இவற்றைப் பார்க்க உட்கார்ந்தால் ஓய்வு பெற்ற பிறகும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்பது பிரிவுக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. அப்போதுதான் இயக்குநர் அம்மையார் அந்த வாசகத்தை அருளினார். இன்றைக்கும் அது அவர் தலைக்கு மேலே சுவரில் தொங்குகிறது: 'பார்த்தால் பாரபட்சம்.'

ஒருவர் அழுவதைப் பார்த்துவிட்டால் அழத் தெரியாதவருக்கு அநியாயம் ஆகிவிடும் என்பது அதன் உட்பொருள். உலகத்தில் எத்தனையோ இயக்குநர்கள் இருக்கிறார்கள். ஒரு படத்தைக்கூடப் பார்க்காமல் பெயர் வாங்கிய இயக்குநர் இவர் ஒருவர்தான்.

சரி, பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் அட்டவணையார் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கும் உண்டு. ஆனால் அலுவலகத்தில் அது யாருக்கும் ஞாபகமில்லை. ஒவ்வொரு வீடியோவும் தன்னைப் பற்றிய குறிப்புகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறது: எவ்வளவு நேரம் ஓடும், அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, விநாடிக்கு எத்தனை படம், என்ன வகைக் கோப்பு, எந்த மொழி. அட்டவணையார் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் இந்தக் குறிப்புகளை மட்டும் நைசாக உருவி எடுத்து, அனுப்பியவர் முகவரியோடு சேர்த்து, கட்டம் கட்டமாக ஓர் அட்டவணையில் உட்கார வைத்துவிடும். படம் வெளியே நிற்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அவர் செருப்பின் அளவை மட்டும் குறித்துக்கொண்டு கதவைச் சாத்துவது மாதிரி.

இதில் அவருக்கு இருந்தது வெறும் உத்தியோகப் பற்று அல்ல, பக்தி. மகள் பள்ளி மேடையில் ஆடியதை மனைவி ஆசையாகப் போனில் எடுத்துவந்து நீட்டியபோது, அவர் கோப்பின் விவரத்தை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு, "நிமித்திப் பிடிச்சு எடுத்திருக்க, அகலம் பத்தாது" என்று சொல்லிச் சாப்பிடப் போய்விட்டார். மகள் என்ன உடையில் ஆடினாள் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. எத்தனை நிமிடம் ஆடினாள் என்பதை விநாடி சுத்தமாகச் சொல்வார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்துக்குத் தமிழ்ப் பற்று வந்தது. அட்டவணை முழுக்க ஆங்கிலத்தில் இருந்தால் மக்களுக்கு எப்படிப் புரியும் என்று கேட்டு எழுதினார்கள். மக்களுக்கு அதைக் காட்டுவதே இல்லையே என்று யாரும் பதில் எழுதவில்லை. 'சொல்லாக்கக் குழு' அமைக்கப்பட்டது. குழு என்றால் ஓர் ஆள். கலைச்சொல் என்று எல்லோரும் கூப்பிட்ட அவர் உடைந்த நாற்காலி அறையின் பொறுப்பாளராக இருந்தவர். வீடியோக்களை அவர் பார்த்ததில்லை, கம்ப்யூட்டரையும் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே அவருடைய தீர்ப்புகளில் பாரபட்சத்துக்கு இடமே இருக்கவில்லை.

விநாடிக்கு இத்தனை என்று எண்ணும் படத்தைக் குறித்த 'ஃபிரேம்' என்றால் சட்டம் என்றார். படத்துக்குச் சட்டம் போடுவதில்லையா? அது சரிதான் என்று பட்டது. படத்தின் துல்லியத்தைக் குறித்த 'ரெசல்யூஷன்' என்றால் தீர்மானம் என்றார். கூட்டங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒலி வரும் 'சேனல்' என்றால் வாய்க்கால். 'பிட் ரேட்' என்று இருந்ததை வாய்விட்டுப் படித்தவர், அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து பிட்டுக்கு ரேட் பேசுவது கேவலம் என்று அந்தக் கட்டத்தையே தூக்கிவிட்டார்.

மொழி என்ற கட்டத்தில்தான் கொஞ்சம் இழுபறி ஆனது. மொழி இன்னதென்று தெரியாத கோப்புகளில் யூ, என், டி என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது என்று அட்டவணையார் மெல்ல எடுத்துச் சொன்னார்.

"நல்லா வாய்விட்டுப் படிங்க" என்றார் கலைச்சொல். "உண்ட். உண்டு. கடைசி எழுத்த முழுங்கியிருக்காங்க, அவ்வளவுதான். மொழி உண்டான்னு கேட்டா, உண்டு."

அட்டவணையார் 'உண்டு' என்று எழுதிக்கொண்டார். வந்த புகார்கள் எல்லாவற்றிலும் மொழி இருக்கத்தான் செய்தது.

அந்தக் காலாண்டு அறிக்கை மேலிடத்தை உலுக்கிவிட்டது. குறைதீர் காணொளிப் பிரிவு ஒவ்வொரு குறைக்கும் விநாடிக்கு முப்பது சட்டமும், ஆயிரத்து எண்பது தீர்மானமும், இரண்டு வாய்க்காலும் கண்டிருப்பதாக அதில் இருந்தது. நாடாளுமன்றம் ஒரே ஒரு சட்டத்தைப் போட மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறது, நாற்காலி வீசுகிறது. இங்கே சத்தமே இல்லாமல் விநாடிக்கு முப்பது. பாசனத் துறை மட்டும் பொறாமையில் ஒரு கடிதம் எழுதியது: அந்த வாய்க்கால்கள் எங்கே இருக்கின்றன? கோப்பில் உள்ளபடியே பதில் போனது: ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம்.

இனி மிச்சம் இருந்தது கோப்பின் வகை. போனில் எடுத்தவற்றுக்குப் பெரும்பாலும் எம்.பி. நாலு என்று வால் இருந்தது. இத்தனை எம்.பி.களுக்கு நாடாளுமன்றத்தில் இடம் ஏது என்று யோசித்த கலைச்சொல், அவற்றைப் 'பொது' என்று எழுதச் சொன்னார். எப்போதாவது ஒரு கோப்பு எம்.பி.ஜி. என்று வந்தது. இதுதான் நிஜ எம்.பி., மரியாதைக்கு 'ஜி' போட்டிருக்கிறது பாருங்கள் என்றார். பழைய கேமராக்களில் எடுத்தவை ஏ, வி, ஐ என்று முடிந்தன. அதைப் படித்ததும் அவர் குரல் தழுதழுத்தது.

"ஆவி" என்றார். "பாவம், புகார் குடுத்துட்டுக் காத்திருந்து காத்திருந்தே போய்ச் சேந்துட்டாங்க."

அட்டவணையாருக்கு இது உதைத்தது. அது ஆவி இல்லை, கோப்பு வகை என்று சொல்ல வாயைத் திறந்தார். அதே நேரத்தில் இயக்குநர் அம்மையார், பிரிவுக்குத் 'தலைமை அட்டவணையாளர்' என்று ஒரு பதவி வரப்போவதாகவும், அதற்கு வாதம் செய்யாத ஆளாகப் பார்க்கப்போவதாகவும் பொதுவாகச் சொல்லிவைத்தார். அட்டவணையார் திறந்த வாயால் கொட்டாவி விட்டுச் சமாளித்தார். ஆவி என்று வந்தவர்களுக்கெல்லாம் மலர்வளையம் அனுப்பி, குறையை முடித்துவிடுவது என்று முடிவாயிற்று.

இந்தச் சமயத்தில்தான் அட்டவணையாருடைய மாமனார் வீட்டு வாசலில் சாக்கடைக் குழியின் இரும்பு மூடி காணாமல் போனது.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர். அடுத்த தெருவில் தனி வீடு. குழி ஆள் ஆழம். அட்டவணையாரின் மகள் பள்ளி விட்டதும் நேராகத் தாத்தா வீட்டுக்குத்தான் ஓடிவருவாள். ஓடும்போது தரையைப் பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. மாமனார் பார்த்தார். ஒரு நாற்காலியைக் குழியோரம் போட்டு, பழைய விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யார் அந்தப் பக்கம் வந்தாலும் ஒரு ஊது. வெயில் அடித்தால் தலையில் துண்டு, மழை பெய்தால் குடை. பேத்தி வரும் நேரத்தில் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஊதுவார். அவள் அதை விளையாட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடிவந்தாள்.

நடுவில் ஒருநாள் தன் பழைய கேமராவைத் தூசி தட்டி, திண்ணையில் நிறுத்திவைத்து, குழியையும் தன்னையும் எடுத்து, முறைப்படி பிரிவுக்கு அனுப்பினார். வீட்டு மாப்பிள்ளை அங்கே இருக்கும்போது என்ன கவலை? மனைவியும் அட்டவணையாரிடம் அப்பாவின் வீடியோவை ஒரு எட்டுப் பார்த்துவிடும்படி சொன்னாள். அதைப் பார்ப்பது பாரபட்சம், அதுவும் சொந்த மாமனாருடையதைப் பார்ப்பது இரட்டைப் பாரபட்சம் என்று அவர் விளக்கினார். வரிசைப்படி நடக்க வேண்டியது நடக்கும் என்றார்.

நடந்தது. மாமனார் வீட்டுக்கு மலர்வளையம் வந்தது. கொண்டுவந்த ஆளிடம் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அதைத் தோளில் மாட்டியபடி நேராக மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அவருக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சல்.

"மாப்ள, இது என்ன?"

"மலர்வளையம், மாமா."

"அது தெரியுது. யாருக்கு?"

அட்டவணையார் வளையத்தில் செருகியிருந்த கடிதத்தைப் படித்தார். குறை உடையவர் தற்போது இல்லாத காரணத்தால் குறையும் இல்லை என்று கருதப்படுகிறது, ஆழ்ந்த அனுதாபங்கள் என்று இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அவருக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

"தொழில்நுட்ப ரீதியா உங்களுக்குத்தான், மாமா."

"அப்போ நான் செத்துட்டனா?"

"அப்படி நேரடியா யாரும் சொல்லல. வகை ஆவின்னு வந்திருக்கு."

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பவர் யார் என்று கணவரைக் கேட்டாள். அவர் அந்தக் கேள்விக்கு வீட்டளவில் ஒரு பதிலும் அலுவலகத்தளவில் ஒரு பதிலும் இருப்பதாகச் சொன்னார். கரண்டி கொஞ்சம் உயர்ந்தது. நாளைக்கே மேடத்திடம் பேசுவதாக ஒப்புக்கொண்டார்.

இயக்குநர் அம்மையார் பொறுமையாகக் கேட்டார். மாமனார் உயிரோடிருப்பதை நேரில் பார்த்ததாக எழுதித் தருகிறேன் என்று அட்டவணையார் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எழுதிக் குடுங்க. ஆனா ரெண்டு யோசனை பண்ணிக்கங்க. ஒண்ணு, இந்தப் பிரிவுல ஒருத்தர் 'பார்த்தேன்'னு எழுதுறது இதுதான் முதல் தடவையா இருக்கும். இன்னொண்ணு, நீங்க பார்த்தது ஒரு ஆவிய. தலைமைப் பதவிக்கு ஆள் எடுக்கிற நேரத்துல இது ரெண்டும் உங்க கோப்புல இருக்கணுமா?"

இருக்க வேண்டாம் என்று அட்டவணையாருக்கும் பட்டது. புதிதாக ஒரு வீடியோ அனுப்புங்கள், வேறு ஆள் அனுப்பட்டும் என்று மேடம் வழி சொன்னார். மனைவி அனுப்பினாள். அவள் புதுப் போன் வாங்கியதும் முதல் வேலையாகத் தாய்மொழி தமிழ் என்று அமைத்து வைத்திருந்தவள். அந்தப் போன் கோப்பின் மொழிக் கட்டத்தில் டி, ஏ, எம் என்று மூன்றெழுத்தைக் கவனமாகப் பதித்து அனுப்பியது. பிரிவின் வரலாற்றில் மொழி சரியாகக் குறிக்கப்பட்டு வந்த முதல் குறை அதுதான். கலைச்சொல் அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"தம்" என்றார். "பொம்பளைங்க, அதுவும் ஒரு அரசு அலுவலகத்துக்குப் பேசும்போது தம் அடிச்சிருக்காங்க."

புகைபிடித்தபடி புகார் அளித்தது ஏன் என்று விளக்கம் கேட்டு அறிவிப்புத் தயாரானது. தபால் செலவை மிச்சம் பிடிக்க அட்டவணையாரே அதை வீட்டுக்கு எடுத்துப்போனார். மனைவி இரண்டு தடவை படித்தாள். அவர் எதிர்பார்த்த மாதிரி கத்தவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது, நாளையிலிருந்து எழுந்திருக்க முடியாது என்று மட்டும் சொன்னாள். அவளுக்கும் வேலை இருக்கிறது, சாயங்காலம்தான் வருவாள்.

"நாளைக்குப் பாப்பா ஓடிவரும்போது குழிகிட்ட யாரும் இருக்க மாட்டாங்க. நீங்க லீவு போட்டு உக்காருங்கன்னுகூடக் கேக்க மாட்டேன். ஒரு குழந்தையப் பாத்துக்கணும்னா முதல்ல பாக்கணும். அதுதான் உங்களுக்கு ஆகாதே."

அட்டவணையாருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மறுநாள் காலை வேறு யாரும் வருவதற்கு முன்பே பிரிவுக்குப் போய்விட்டார். அவர் செய்ய நினைத்தது ரொம்பச் சின்ன வேலை. ஒரு வகைக் கோப்பை இன்னொரு வகையாக மாற்றித்தரும் நிரல் அவரிடம் இருந்தது. மாமனாரின் பழைய கோப்பை எடுத்தார். எந்த வகைக்கு மாற்றுவது என்று அது கேட்டது. பொது என்று மாற்றினால் பொதுமக்களோடு பொதுமக்களாகக் காத்திருக்க வேண்டும். பள்ளி விட அவ்வளவு நேரம் இல்லை. எம்.பி.ஜி. என்பதை அழுத்தினார். ஆவி எம்.பி. ஆனது.

மாற்றி முடித்ததும் படம் தானாக ஓடத் தொடங்கியது. அவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். காதை மூட மறந்துவிட்டார்.

"வணக்கம்" என்றது மாமனாரின் குரல், பஸ்ஸில் பின் இருக்கைவரை கேட்கிற குரல். "இதை எங்க மாப்பிள்ளைதான் பாப்பாரு, அதனால நான் நீட்டி முழக்கல. மாப்ள, பாப்பா ஓடிவர்ற வழி இதுதான். ஒரு தடவ பாத்தீங்கன்னா போதும், உங்களுக்கே புரியும்."

அட்டவணையார் கண்ணைத் திறந்தார். குழி இருந்தது. அதன் ஓரத்தில் நாற்காலி இருந்தது. விரித்த கைகளோடு ஒரு கிழவர், அவரை நோக்கி ஓடிவரும் ஒரு சின்னப் பெண். அவள் நீலச் சட்டை போட்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அழுதார். பிரிவின் அறையில் ஒருவர் அழுதது அதுவே முதல் முறை என்பதால் அதைக் குறித்துவைக்கக் கட்டம் எதுவும் இல்லை.

பிறகு நடந்தவை அரசு இயந்திரம் என்றால் என்ன என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டின. எம்.பி. ஒருவரிடமிருந்து குறை வந்திருக்கிறது என்ற செய்தி மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளம்வரை உருண்டது. என்ன குறை என்று யாருக்கும் தெரியாது. பார்த்துத் தெரிந்துகொள்ள விதியில்லை. எம்.பி.யிடமே கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. எனவே எதையும் விடாமல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். பகலுக்குள் அந்தத் தெருவுக்குத் தார் போட்டார்கள். விளக்குக் கம்பங்களுக்கு வர்ணம் அடித்தார்கள். ஒரு நாயைப் பிடித்துக் குளிப்பாட்டினார்கள். திறந்து கிடந்ததையெல்லாம் மூடினார்கள்: சாக்கடைக் குழியை மூடினார்கள், ஒரு தண்ணீர்த் தொட்டியை மூடினார்கள், வியாபாரம் நடந்துகொண்டிருந்த ஒரு கடையையும் மூடினார்கள். பள்ளி விட்டு வந்த பேத்தி புத்தம்புது இரும்பு மூடியின் மேல் தடதடவென்று ஓடி வீட்டுக்குள் போனாள்.

இயக்குநர் அம்மையார் தாமே வந்து, போர்வை போர்த்திக்கொண்டு வாசலில் நின்ற மாமனாரைக் குனிந்து வணங்கினார். ஐயாவைப் பார்த்ததில் மிகுந்த மகிழ்ச்சி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். மாமனார் ரைட் என்றார். எல்லோரும் வண்டியேறிப் போனார்கள். எம்.பி.யின் குறையை ஒரே பகலில் தீர்த்த பிரிவுக்குப் பாராட்டு வந்தது, அட்டவணையாருக்குத் தலைமை அட்டவணையாளர் உத்தரவும் வந்தது. காலையில் வந்த வெட்கம் நல்ல தரமான வெட்கம்தான், ஆனாலும் உத்தரவில் தன் பெயரைப் பிழையில்லாமல் படித்ததும் அது சற்று ஒதுங்கி நின்றது.

சில நாள் கழித்து, காய்ச்சல் விட்ட மாமனார் மூடியின் மேல் ஏறி நின்று, இரண்டு குதி குதித்துப் பார்த்தார். அசையவில்லை. மாப்பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மாப்ள, உங்க அட்டவணைல என்ன மாதிரி ஆவி இன்னும் இருக்காங்களா?"

"நிறையப் பேர், மாமா. பழைய கேமரா வச்சிருக்கிறவங்க எல்லாருமே."

"உசுரோட இருக்கிறவங்களா?"

"இருப்பாங்க. மலர்வளையத்த எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியிருக்காங்க."

மாமனார் மூடியிலிருந்து கீழே இறங்கினார்.

"இத்தன பேரையும் நீங்களா சாகடிச்சீங்க?"

"சாகடிக்கல, மாமா" என்றார் தலைமை அட்டவணையாளர், உண்மையிலேயே மனம் நொந்து. "பாக்கல, அவ்வளவுதான்."

"சரி. என்ன எழுப்பின மாதிரி அவங்களையும் எழுப்பி விட்ருங்க."

அவர் நேர்மையாக யோசித்தார். அகலம், உயரம், ஓடும் நேரம், சட்டம், தீர்மானம், வாய்க்கால் என்று ஒவ்வொரு கட்டமாக மனதுக்குள் தேடிப்பார்த்தார். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"எழுப்பலாம், மாமா. ஆனா அவங்க யாருக்கு மாமனாருன்னு அட்டவணைல இல்லையே."